கடலுக்கு அடியிலும் மலைக்கு மேலும்: காற்று எப்போது சுருங்கும், எப்போது உப்பும்?

கேள்வி இதுதான்: "எங்கள் ஊர் கீழக்கரைக்குப் பக்கம். தாத்தா மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். மேலே வந்து சேரும்வரை மூச்சை விடவே மாட்டார். அண்ணன் இப்போது கம்ப்ரசர் ஓஸ் (படகிலிருந்து காற்று அனுப்பும் குழாய்) வைத்துக் குளிக்கிறார். அவரிடம் மட்டும் 'ஏறும்போது மூச்சை அடக்காதே' என்கிறார்கள். ஏன்? இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே மாதிரி நுரையீரல்தானே? அப்புறம், கொடைக்கானல் போனபோது மிக்சர் பாக்கெட் உப்பிப் போயிருந்தது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றும் அளவுக்குக் காற்றழுத்தம் இறங்கினால் நம் ஊரிலும் அப்படி உப்புமா? கார் டயர் என்ன ஆகும்?"

எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே விதி. ஆனால் மூன்று விஷயங்களைப் பார்க்காமல் அந்த விதியைப் போட்டால் தப்பான விடைதான் வரும். உள்ளே அடைபட்ட காற்று எங்கே வைத்து அடைபட்டது, அதை அடைத்திருக்கும் உறை நெகிழுமா நெகிழாதா, வெளியழுத்தம் எத்தனை மடங்கு மாறியது. இந்த மூன்றாவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று கழித்துப் பார்க்கிறார்கள். வகுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அடிப்படை. கடற்கரையில் நாம் நிற்கும்போது நம் மேல் இருக்கிற காற்று முழுவதின் எடையும் நம்மை அழுத்துகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ. வானிலைக்காரர்கள் கணக்கில் சராசரியாக 1013 ஹெக்டோபாஸ்கல். தண்ணீர் காற்றைவிட எவ்வளவோ கனம் என்பதால், கடலில் வெறும் 10 மீட்டர் இறங்கினாலே, அதாவது ஐந்தரை பாகம் ஆழத்திலேயே, இன்னொரு வளிமண்டலத்தின் எடை மேலே ஏறிவிடும். மேலே 1, பத்து மீட்டரில் 2, இருபதில் 3, முப்பதில் 4 என்று போகும். தண்ணீரின் எடையோடு அதன் மேல் இருக்கிற காற்றின் எடையையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட கணக்கு சொல்வது, வெப்பநிலை மாறாதவரை ஒரு குறிப்பிட்ட அளவு வாயுவின் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் வரும் எண் மாறாது என்பது. அழுத்தம் இரண்டு மடங்கானால் பருமன் பாதியாகும். மூன்று மடங்கானால் மூன்றில் ஒன்றாகும். நம் கடலில் மேலுக்கும் அடிக்கும் சூடு பெரிதாக மாறாது என்பதால், குளிக்கிற ஆழத்துக்கு இந்தக் கணக்கை அப்படியே போடலாம்.

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. படகில் போகிற யாரும் செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைக் கழற்றி, கழுத்தில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, வாய் கீழே பார்த்தபடி கயிற்றில் கட்டி இறக்குங்கள். உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வழி இல்லை. தண்ணீர்தான் வாய் வழியாக உள்ளே ஏறும். ஐந்து மீட்டரில் காற்று சுமார் 670 மில்லியாகச் சுருங்கியிருக்கும், பத்து மீட்டரில் 500, இருபதில் 330. மேலே இழுத்தால் ஏறிய தண்ணீர் தானாகவே இறங்கி, பாட்டில் முழுக்க மறுபடி காற்றாகவே வந்து சேரும். ஒரு சொட்டுக் காற்றும் கூடவில்லை, குறையவும் இல்லை. உங்கள் தாத்தாவின் நெஞ்சுக்குள் நடந்தது இதுதான்.

சரி, இப்போது அதே பாட்டிலைக் காற்றில்லாமல், தண்ணீர் நிரம்பிய நிலையில் பத்து மீட்டருக்குக் கொண்டுபோய், அங்கே வைத்து ஓஸ் காற்றால் நிரப்புவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் போவது மேல்மட்டக் கணக்கில் இரண்டு லிட்டர் காற்று. வாய் திறந்து கீழே பார்த்தபடி மேலே கொண்டுவந்தால் வழியெல்லாம் குமிழ் விட்டுக்கொண்டே வரும். ஒரு லிட்டர் வெளியேறிவிடும், ஒரு லிட்டர் மிஞ்சும். பாட்டிலுக்குப் பதிலாக பாலித்தீன் பையை அங்கே முட்ட நிரப்பி வாயைக் கட்டிக் கொண்டுவந்தால், பாதி வழி தாண்டுவதற்குள் கிழிந்துவிடும். உங்கள் அண்ணனின் நிலைமை இது.

தாத்தாவுக்கும் அண்ணனுக்கும் நுரையீரல் ஒன்றுதான். காற்றை எங்கே இழுத்தார்கள் என்பதுதான் வேறு. தாத்தா வள்ளத்தில் இருந்தபடி ஆறு லிட்டர் மூச்சை நிரப்பிக்கொண்டு குதித்தார். பத்து மீட்டரில் அது மூன்று லிட்டர் ஆனது. ஏறும்போது மூன்று மறுபடி ஆறானது. நுரையீரல் கொள்ளும் அளவைத் தாண்டி ஒருபோதும் விரிய வாய்ப்பில்லை. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்ததில் இந்த வகையில் எந்த ஆபத்தும் இல்லை. ஆமையும் ஆவுளியாவும் (கடற்பசு) மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் அடியில் மேயப் போகின்றன. அவையும் தாத்தா வழிதான்.

அண்ணன் வாயில் கடித்திருக்கிற ஓஸ், அவர் நிற்கிற ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. தராவிட்டால் அவரால் நெஞ்சை விரித்து இழுக்கவே முடியாது. அப்படிப் பத்து மீட்டரில் இழுத்த ஆறு லிட்டர், மேலே வந்தால் பன்னிரண்டு லிட்டர். கூடுதலாக இருக்கிற ஆறு லிட்டர் தொண்டை வழியாக வெளியே போயாக வேண்டும். அவர் மூச்சை அடக்கினால் அதற்கு வழி இல்லை. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் கிழியும். கிழிந்த இடம் வழியாகக் காற்று மார்புக்கூட்டுக்குள் போனால் நுரையீரல் சுருங்கிவிடும். இரத்தக் குழாய்க்குள் போனால் குமிழாக மூளைக்கு ஏறும். மேலே வந்த சில நிமிடங்களுக்குள் ஆள் நினைவிழப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கேதான் மடங்குக் கணக்கு உயிர் விஷயமாகிறது. முப்பது மீட்டரிலிருந்து இருபதுக்கு ஏறினால் அழுத்தம் 4இலிருந்து 3 ஆகிறது. காற்று மூன்றில் ஒரு பங்கு கூடும். இருபதிலிருந்து பத்துக்கு வந்தால் பாதி கூடும். கடைசிப் பத்து மீட்டரில் இரண்டு மடங்காகிவிடும். ஏறுகிற தூரம் ஒன்றேதான், விரிவது மட்டும் மேலே வர வர அதிகம். அதனால் "நான் ஆழமாகப் போகவில்லை, ஐந்து பாகம்தான்" என்று சொல்வதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. முழு மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு ஒன்றேகால் மீட்டர் ஏறியதிலேயே நுரையீரல் கிழிந்திருக்கிறது. நீச்சல் குளத்தில் சிலிண்டர் பழகும்போதும் இது நடந்திருக்கிறது. பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள் இருக்கிற ஆழமில்லாத கடல். அப்படிப்பட்ட கடலில் இந்தக் காரியத்தில் கூடுதல் கவனம்தான் வேண்டும்.

பழகிய ஆள் சாதாரணமாக ஏறும்போது மூச்சு விடுவார். விபத்து நடப்பது கம்ப்ரசர் நின்றுபோனாலோ ஓஸ் மடங்கினாலோ அறுந்தாலோதான். காற்று வராத அந்தக் கணத்தில், நெஞ்சில் இருப்பதை விட்டுவிடக் கூடாது என்றுதான் எந்த மனிதருக்கும் தோன்றும். இருப்பதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வார். அந்த இயல்புக்கு எதிராகப் பழக்க வேண்டும். ஏற ஏற உள்ளே இருக்கிற காற்று தானாகவே விரிவதால், "ஆ" என்று தொடர்ந்து விட்டுக்கொண்டே வந்தாலும் பத்து மீட்டர் ஏறும்வரை அது தீராது. இதை அண்ணனுக்குச் சொல்லிப் புரிய வையுங்கள். காற்று தீர்ந்துவிடும் என்கிற பயம்தான் வாயை மூட வைக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரசர் காற்று இழுக்கிற வாய், இன்ஜின் புகை வரும் இடத்துக்கு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் இருக்க வேண்டும். கச்சான் (மேற்கிலிருந்து வீசும் காற்று) அடிக்கும்போது சரியாக இருந்த இடம் படகு திரும்பினால் சரியாக இருக்காது. மேலே தாங்கிவிடக்கூடிய கொஞ்சம் புகை, பத்து மீட்டரில் இரண்டு மடங்கு அழுத்தத்தில் இரத்தத்துக்குள் போகும்.

கடலில் வாழ்கிற உயிர்களில் அண்ணனின் நிலைமையில் இருப்பவை நெட்டி, அதாவது மிதக்க உதவும் காற்றுப்பை, உள்ள மீன்கள். நெட்டியில் இருக்கிற வாயுவை மீன் தான் வாழும் ஆழத்தில் வைத்தே நிரப்பிக்கொள்கிறது. ஆழத்திலிருந்து தூண்டிலில் சரசரவென்று இழுக்கப்பட்ட கலவாவைப் பார்த்திருப்பீர்கள். கண் பிதுங்கி, வாய் வழியாக ஒரு பை துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பலர் நெட்டி என்று எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் இரைப்பை. நெட்டி உள்ளே உப்பி அதை வெளியே தள்ளியிருக்கும். அந்த மீனால் வாயுவை வேகமாக வெளியேற்ற முடியாது, சிறியது என்று திரும்பக் கடலில் போட்டாலும் வயிறு மேலே பார்த்தபடி மிதக்கும். ஒரு கனத்தைக் கட்டி ஆழத்துக்கு இறக்கி விட்டால் வாயு மறுபடி சுருங்கி, பிழைக்க வாய்ப்பு உண்டு. நெட்டியே இல்லாத சுறா, திருக்கை, வஞ்சிரம் இவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தண்ணீரும் சதையும் இந்த அழுத்தத்தில் சுருங்குவதில்லை. சுருங்குவதும் விரிவதும் காற்று அடைபட்ட இடங்கள் மட்டும்தான். மனிதருக்குக் காது, முகத்தெலும்புக் குழிகள், நுரையீரல், குடல், சில சமயம் அடைத்த பல்லுக்கு அடியில் தங்கிய துளிக் காற்று.

புயலுக்கு வருவோம். இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஏனென்றால் மாற்றம் அவ்வளவு சிறியது. வங்கக் கடலில் பதிவான மிகக் கடுமையான புயல்களில் ஒன்று 1999 ஒடிசா சூப்பர் புயல். அதன் மையத்தில் அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியது. வழக்கமான 1013ஐ அதால் வகுத்தால் 1.11. அதாவது நெகிழ்வான பையில் இருக்கிற காற்று நூற்றுக்குப் பதினொரு பங்கு விரியும். கடலில் ஒரு மீட்டர் மேலே ஏறினால் குறைகிற அழுத்தமும் இவ்வளவுதான். நம் கரைக்கு வருகிற சாதாரணத் தாழ்வு மண்டலங்கள் பத்து இருபது ஹெக்டோபாஸ்கல் குறைப்பதே பெரிது. மிக்சர் பாக்கெட்டில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. புயலே இல்லாத நாளிலும் நம் பகுதியில் காற்றழுத்தம் காலை பத்து மணி வாக்கில் ஏறி, மாலை நான்கு மணி வாக்கில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கி, இரவு பத்துக்கு மறுபடி ஏறி, விடியுமுன் மறுபடி இறங்குகிறது. வெயிலால் வளிமண்டலம் முழுவதும் ஊசலாடுவதால் வருவது இது. வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தமானியைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த மாற்றம். மாலையில் மானி இறங்கிவிட்டது என்று யாரும் பயந்துவிடக் கூடாது. வழக்கமாக ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் மேலும் இறங்கினால்தான் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் இவ்வளவு சிறிய மாற்றத்துக்கா கூண்டு ஏற்றுகிறார்கள் என்று கேட்கலாம். ஒரு பாக்கெட்டுக்குச் சிறிய மாற்றம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு நடுவில் குறைவும் சுற்றிலும் அதிகமுமாக இருந்தால், அத்தனை காற்றும் அந்தப் பக்கம் தள்ளப்படும். கூண்டு ஏற்றுவது அந்தக் காற்றுக்காக. கடலும் நேரடியாகப் பதில் சொல்லும். மேலிருந்து அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். நூறு குறைந்தால் ஒரு மீட்டர். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை மூழ்கடித்த கடல் அழுத்தக் குறைவால் மட்டும் எழும்பியது இல்லை. ஆழமில்லாத கடலைப் புயல்காற்று கரைமேல் தள்ளிக் குவித்ததுதான் பெரும்பங்கு.

இனி கொடைக்கானல். சுமார் 2,100 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 790 ஹெக்டோபாஸ்கல். 1013ஐ 790ஆல் வகுத்தால் 1.28. நம் ஊரில் ஒட்டிய பாக்கெட்டுக்குள் இருக்கிற காற்று நூற்றுக்கு 28 பங்கு விரியப் பார்க்கும். பாக்கெட் முதலில் தொளதொளவென்று இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். உறை முழுவதும் இழுபட்ட பிறகு மேலே விரிய முடியாது. அதற்குப் பிறகு உள்ளே அழுத்தம் வெளியைவிட அதிகமாகவே நின்றுவிடும், தொட்டால் கல் மாதிரி இருக்கும். பாதி நெகிழும் உறைக்குப் பாயில் கணக்கை நேரடியாகப் போட முடியாததற்குக் காரணம் இதுதான்.

டயர் இன்னும் விறைப்பான உறை. அதன் பருமன் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. பம்ப் கடையில் மானி காட்டுகிற 32 பி.எஸ்.ஐ. என்பது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்கிற எண். உள்ளே உண்மையில் இருப்பது வெளிக்காற்றின் 14.7ஐயும் சேர்த்து 46.7. கொடைக்கானலில் வெளிக்காற்று சுமார் 11.5. டயரின் சூடு மாறாமல் இருந்தால் மானி அங்கே 35 காட்ட வேண்டும். ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் 32, 32.5தான் காட்டும். குளிர்தான் காரணம். நம் ஊரின் 34 டிகிரியிலிருந்து 16 டிகிரிக்கு வந்தால் உள்ளே அழுத்தம் 44 ஆகக் குறைந்துவிடும். அதில் 11.5 போனால் 32.5. உயரம் ஏற்றியதைக் குளிர் கிட்டத்தட்ட முழுவதும் இறக்கிவிடுகிறது. ஆகவே மலை ஏறி முடித்ததும், டயர் சூடாக இருக்கும்போது அளந்து பார்த்து, அதிகம் என்று காற்றை இறக்காதீர்கள். மறுநாள் காலை குறைந்த காற்றோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டிவரும். புயலில் 30 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் டயர் மானி அரை பி.எஸ்.ஐ.கூட நகராது. சமையல் கேஸ் சிலிண்டரைப் பற்றியும் இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. அதில் இருப்பது பெரும்பாலும் திரவம். உள்ளழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், வெளிக்காற்று இல்லை.

நீங்கள் தனித்தனியாகக் கேட்ட கொடைக்கானலும் அண்ணனின் தொழிலும் ஒரு இடத்தில் சந்திக்கின்றன. நீங்கள் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இதுவரை பேசியது பையில் அடைபட்ட காற்று. ஓஸ் காற்றை நீண்ட நேரம் இழுக்கிறவரின் உடம்பில், அழுத்தத்துக்கு ஏற்ப நைட்ரஜன் இரத்தத்திலும் சதையிலும் கரைந்துகொண்டே போகும். மூச்சடக்கிக் குளித்த தாத்தாவுக்கு அதற்கு நேரமே கிடைத்திருக்காது. மேலே வந்ததும் கரைந்தது மெதுவாக வெளியேற வேண்டும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் அது உடம்புக்குள்ளேயே குமிழாகப் பிரியும். இதை முதலில் கண்டவரும் பாயில்தான். காற்றை உறிஞ்சி எடுக்கும் கலத்துக்குள் வைத்த ஒரு விரியன் பாம்பின் கண்ணுக்குள் குமிழ் ஒன்று அசைவதைப் பார்த்து 1670இல் பதிவு செய்தார்.

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாமல், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருவது இந்தக் குமிழைத் தவிர்க்கத்தான். ஆனால் நிதானமாக ஏறி வந்தவர் உடம்பிலும் கரைந்த வாயு பல மணி நேரம் மிச்சம் இருக்கும். காலையில் குளித்துவிட்டு, மாலை வேனில் குடும்பத்தோடு கொடைக்கானலுக்கு ஏறினால், வெளியழுத்தம் 1013இலிருந்து 790க்கு வருகிறது. கரையில் பேசாமல் இருந்த குமிழ் மலையில் பெரிதாகும், புதிதாகவும் பிரியும். விமானத்துக்கும் இதே கதைதான், அதன் உள்ளே இருக்கும் அழுத்தம் கொடைக்கானலை ஒட்டியதாகவே இருக்கும். ஒரு தடவை, அளவான நேரம் மட்டும் குளித்தவர் 12 மணி நேரமாவது, தொடர்ந்து பல நாள் அல்லது ஒரே நாளில் பல தடவை குளித்தவர் 18 மணி நேரமாவது மலைக்கோ விமானத்துக்கோ போகக் கூடாது என்பது டைவிங் மருத்துவத்தின் வழிகாட்டுதல். கணக்குப் பார்க்காமல் மணிக்கணக்கில் ஓஸோடு அடியில் கிடக்கிறவர் 24 மணி நேரத்துக்கு மேல் விடுவதுதான் சரி.

குளித்து வந்த பிறகு தோள், முழங்கை, முழங்காலில் குடைகிற வலி, தோலில் அரிப்பு, கால் மரத்துப்போதல், சிறுநீர் பிரியாமை, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் அசதி என்று எண்ணிப் படுத்துத் தூங்கக் கூடாது. வலி போகும் என்று திரும்பத் தண்ணீருக்குள் இறக்குவதும் கூடாது. மட்டமாகப் படுக்க வைத்து, ஆக்சிஜன் கிடைத்தால் உடனே கொடுத்து, 108ஐ அழைத்து, குளித்த ஆழத்தையும் நேரத்தையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உயர் அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சைக்கு எங்கே அனுப்புவது என்று அவர் முடிவு செய்ய அந்த இரண்டு விவரமும் வேண்டும்.